அங்கீகரிக்கப்பட்ட சப்பாத்து

நாவற்கலட்டி சனசமூக நிலையத்தின் நவீன உடற்பயிற்சிக் கூடம், திறப்பு விழாவுக்குப் பல மாதங்கள் முன்பிருந்தே சிறப்பாக இயங்கி வந்தது. அதற்குத் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், ஆலோசகர்கள் இருந்தார்கள். வாசல் சுவரில் கறுப்புக் கல் பதித்து எல்லோருடைய பெயரையும் பட்டங்களோடு வெட்டியாகிவிட்டது. இயந்திரங்கள் மட்டும் கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கிய கோலத்திலேயே பொலித்தீன் சுற்றியபடி நின்றன. காசு கொடுத்தது, அங்கே குடியேறிய ஊர்க்காரர் நடத்தும் கனடாக் கிளை. ஆகவே கனடாக் கிளைத் தலைவர் சீவரத்தினம் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போதுதான் பொலித்தீனைக் கழற்றலாம் என்று ஏற்பாடு. அதுவரை ஊரில் யாருக்காவது வயிறு குறைக்கும் எண்ணம் வந்தால், எண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு எண்ணத்தோடு நிறுத்திக்கொள்ள வழியில்லாமல் போயிற்று.

நான் கேதீஸ்வரன். மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட, கூட்டுறவுக் கடையில் அரிசி பருப்பு நிறுக்கிற வேலை. சில வருடமாகச் சீனி வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய் மரவாங்கில் வரிசையாகக் குந்தியிருந்து, பேச்சு வாங்கி, குளிசையும் வாங்கிக்கொண்டு வருவேன். இந்தத் தடவை டொக்டர் சுபாஜினி என் இடது காலைத் தூக்கித் தன் மடிக்குக் கிட்ட வைத்தார். நைலோன் நரம்பு மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தார்.

"கண்ணை மூடுங்கோ. குத்தேக்கை சொல்லுங்கோ."

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கனநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"எப்ப டொக்டர் குத்துவீங்கள்?"

"குத்தி முடிஞ்சுது," என்றார். அவருடைய முகத்தில் சிரிப்பில்லை. "உங்கடை காலிலை உணர்ச்சி இல்லை. இனி வீட்டுக்குள்ளையும் வெறுங்காலோடை ஒரு அடி வைக்கக்கூடாது. என்ன குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. பிறகு விரலைத்தான் எடுக்கவேண்டி வரும்."

இதைக் கேட்டுச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. என் அப்பாவுக்கும் இதே வருத்தம்தான். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசி வருடங்களில் அவர் படுத்த கட்டிலில் போர்வை ஒரு பக்கம் பள்ளமாகக் கிடக்கும். அந்தப் பள்ளத்தை நான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"நடை மட்டும் காணாது," என்று டொக்டர் தொடர்ந்தார். "பாரமும் தூக்கோணும். தசை பிடிச்சால்தான் சீனி இறங்கும். உங்கடை ஊரிலை ஜிம் கட்டியிருக்கினமாமே, அங்கை போங்கோ. ஒரு நல்ல சப்பாத்து வாங்குங்கோ. ஓடுறதுக்கொண்டு, தூக்கிறதுக்கொண்டு எண்டு வேண்டாம். எல்லாத்துக்கும் ஒண்டு. குதி அமுங்கக்கூடாது, பக்கம் பிடிச்சிருக்கோணும், முன்னுக்கு விரல் விரிய இடம் இருக்கோணும். உதிலை கடைசி விசயம்தான் உங்களுக்கு முக்கியம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி உதயகலாவும் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சப்பாத்துக் கடைகளில் ஏறி இறங்கினோம். போகிற வழியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மரவள்ளிக்கிழங்கும் தேங்காயும் வாங்கி இரண்டு பைகள் நிறைந்திருந்தன. முதல் கடையில் விற்பனைக்காரர் காட்டிய சப்பாத்தின் குதி பஞ்சணை போல இருந்தது. போட்டுக்கொண்டு நின்றால் மேகத்தில் நிற்பது போல இருக்கும் என்றார்.

"மேகத்திலை நிண்டு பாரம் தூக்கேலுமோ?" என்றாள் உதயகலா. "இஞ்சருங்கோ, இந்தப் பையைப் பிடிச்சுக்கொண்டு குந்தி எழும்புங்கோ பாப்பம்."

நான் தேங்காய்ப் பையோடு குந்தி எழும்பினேன். குதி ஒரு பக்கமாக அமுங்கி, கண்ணாடி அடுக்கில் போய்ச் சாய்ந்தேன். அடுத்தது அடி தட்டையாக, பலகை மாதிரி இருந்தது. அதோடு குந்தினால் மலை மாதிரி நிற்கலாம். நடந்தால் குதிகால் 'டக் டக்' என்று தரையில் அடித்தது. மூன்றாவது நடக்கவும் நல்லது, நிற்கவும் நல்லது, ஆனால் உதயகலா என்னைக் கடைக்குள் இடமும் வலமுமாகத் துள்ள வைத்தபோது கால் சப்பாத்துக்கு வெளியே போகப் பார்த்தது. அதற்குள் கடைக்கு வந்தவர்கள் சப்பாத்துப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கடைசிக் கடையில் சாம்பல் நிறத்தில், ஒரு அழகும் இல்லாத ஒன்று கிடைத்தது. குதி அமுங்கவில்லை. முன்பக்கம் வளைந்தது. பக்கம் இறுக்கிப் பிடித்தது. மூக்கு வாத்தின் சொண்டு மாதிரி அகலமாக இருந்தது.

உதயகலா அதற்குள் கையை விட்டு, ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்தாள். தையல் முனை எங்காவது நீட்டிக்கொண்டு நிற்கிறதா, பசை கட்டிக் கிடக்கிறதா என்று.

"உங்கடை கால் சொல்லாது," என்றாள். "என்ரை கைதான் சொல்லோணும்."

வாங்கிக்கொண்டு வந்தோம். விலையைச் சொல்லவில்லை. இன்னொரு சோடி வாங்குகிற யோசனை எங்களுக்கு அந்த வருடம் முழுக்க வர வாய்ப்பில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் பின்னேரம் சப்பாத்துப் பெட்டியோடு சனசமூக நிலையத்துக்குப் போனேன். திறப்பு விழாவுக்கு முன்னம் ஒரு மூலையில் நின்று தூக்கிவிட்டுப் போகிறேன் என்று கேட்பதுதான் திட்டம். செயலாளர் தியாகலிங்கம் அண்ணை மேசையில் இருந்தார். அவர் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்தக் கேள்விக்கும் முதலில் "அது ஏலாது" என்று சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாகக் காரணம் தேடுவார்.

"அது ஏலாது," என்றார். "கனடாவிலை இருந்து நிபந்தனை வந்திருக்கு. ஏற்ற பாதணி இல்லாமல் ஒருத்தரும் உள்ளுக்கு வந்து மெசினைத் தொடக்கூடாதாம்."

"என்னட்டை இருக்கு, அண்ணை." பெட்டியைத் திறந்து காட்டினேன்.

தியாகலிங்கம் அண்ணை எழும்பிவிட்டார். என் வாழ்க்கையில் என்னைக் கண்டு அவர் எழும்பியது அதுதான் முதல் தடவை. மாதக்கணக்காக அந்த நிபந்தனையை வைத்துக்கொண்டு, ஏற்ற பாதணி என்றால் என்ன என்று தெரியாமல் நிருவாக சபை தவித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு உபகுழுவும் போட்டிருக்கிறார்கள். பெயர் காலணித் தெரிவு உபகுழு. அந்தக் குழுவின் முன்னால் வந்து நின்ற முதல் காலணி என்னுடையது.

வெள்ளிக்கிழமை கூட்டம். தலைவர் பஞ்சலிங்கம் சேர் தலைமை. அவர் எனக்குப் படிப்பித்த அதிபர். இப்போதும் அவர் ஒரு பார்வை பார்த்தால் என் கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும். மேசை நடுவில் என் சப்பாத்தை வைத்தார்கள். தேத்தண்ணியும் வடையும் அதைச் சுற்றி வந்தன.

சேர் எழுந்தார்.

"நான் நீண்டகாலம் அதிபராய் இருந்தனான். அந்தக் காலத்திலை எங்கடை பெடியள் வெறுங்காலோடை ஓடி மாகாணத்திலை வெண்டவங்கள். சப்பாத்து வந்தாப் பிறகு ஒருத்தனும் வெல்லேல்லை. எண்டாலும் காலத்துக்கு ஏற்ற மாதிரி நாங்களும் மாறோணும். அதாலை நான் சப்பாத்துக்கு எதிரானவன் இல்லை. அதைப் போடுறதுக்குத்தான் எதிரானவன்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு விவாதம். ஓடுகிறவர்களுக்கு ஒன்று, பாரம் தூக்குகிறவர்களுக்கு ஒன்று, துள்ளுகிறவர்களுக்கு ஒன்று என மூன்று வகை அங்கீகரிக்க வேண்டும் என்றார் ஒருவர். பெண்களுக்குத் தனி வகை வேண்டும் என்றார் இன்னொருவர். அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவது பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம், சப்பாத்தை இப்போதே யோசித்து வைக்கலாம் என்று விளக்கமும் கொடுத்தார். நான் கையை உயர்த்தினேன்.

"சேர், இது எல்லாத்துக்குமான சப்பாத்து. நடக்கலாம், தூக்கலாம், துள்ளலாம். இது ஒண்டு காணும்."

சேர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒண்டு எல்லாத்துக்கும் காணுமெண்டால் பிறகு உபகுழு என்னத்துக்கு, கேதீஸ்?"

நான் கையைக் கீழே போட்டேன். சப்பாத்தை ஒரு கிழமைக்கு மாதிரியாக எடுத்துப் பரிசீலிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஏகமனதில் நானும் இருந்தேன். ஒரு கிழமை, ஏழு நாள்தானே என்று நினைத்தேன்.

பரிசீலனை கடுமையாக நடந்தது. தியாகலிங்கம் அண்ணை அதைப் போட்டுக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினார். கள ஆய்வாம். பொருளாளர் அதைப் போட்டுக்கொண்டு மகளுக்கு மாப்பிள்ளை பேசப் போனார். சரிவரவில்லை என்று திரும்பி வந்தவர், சப்பாத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். சேரின் கால் என் காலை விடப் பெரிது. அவர் வலது காலைப் பாதி நுழைத்துவிட்டு, "இறுக்குது, பொதுமக்களுக்கு உகந்ததில்லை" என்று குறிப்பெழுதச் சொன்னார். சப்பாத்து என் அளவில் இருப்பதை யாரும் ஒரு நியாயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து, கனடாக் கிளையோடு வீடியோவில் கதைத்தார்கள். சீவரத்தினத்தின் நெற்றியும் அவர் வீட்டு முகட்டு மின்விசிறியும் திரையில் தெரிந்தன. கறுப்பு நிறம்தான் மதிப்பு என்றார் அவர். உடனே லண்டன் கிளைக்காரர் ஒருவர், கறுப்பு என்பது கனடாவின் தன்னிச்சையான முடிவு, தங்களையும் கேட்டிருக்க வேண்டும், சப்பாத்தின் நாக்கில் லண்டன் கிளையின் பெயர் வர வேண்டும் என்றார். கனடா தொடர்பைத் துண்டித்தது. லண்டன் அடுத்த நாள் நீண்ட கண்டன அறிக்கை அனுப்பியது. இரண்டு நாடுகளும் என் சப்பாத்துக்காகக் கதைக்காமல் விட்ட அந்த நாட்களில் நான் செருப்போடு ஒழுங்கையில் மெல்ல நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு கிழமை இரண்டு மாதமாயிற்று. சப்பாத்து நிலையத்தின் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறியது. கரப்பந்தாட்டக் கிண்ணங்களுக்கும் திருமுறைப் புத்தகங்களுக்கும் நடுவில். கீழே அட்டையில் 'அங்கீகரிக்கப்பட்ட மாதிரி' என்று எழுதி வைத்தார்கள். அதற்கும் ஒரு பிரச்சினை கிளம்பியது. திருமுறைக்குப் பக்கத்தில் தோல் வைக்கலாமா என்று ஒரு ஆலோசகர் கேட்டார். விசாரித்து, அதில் தோல் ஒரு துண்டும் இல்லை, முழுவதும் செயற்கை நூல், எனவே அது சைவச் சப்பாத்து என்று முடிவு கண்டார்கள்.

"எண்டாலும் பாதணி பாதணிதானே," என்று அவர் விடவில்லை.

பஞ்சலிங்கம் சேர் அந்தச் சிக்கலை ஒரே வசனத்தில் அவிழ்த்தார். "காலிலை போட்டால்தான் அது பாதணி. போடாமல் அலுமாரியிலை இருக்கும் வரைக்கும் அது மாதிரி."

நான் போய்த் தியாகலிங்கம் அண்ணையிடம் கெஞ்சினேன். "அண்ணை, காலுக்குத் தேவையாக் கிடக்கு. திருப்பித் தாங்கோ."

"அது ஏலாது. தீர்மானத்தாலை உள்ளுக்கு வந்த பொருள் தீர்மானத்தாலைதான் வெளியிலை போகும். திறப்பு விழா முடியட்டும், பொதுக்கூட்டத்திலை வைச்சுப் பாப்பம்."

அந்த மாதம் கிளினிக்கில் என் இரத்தச் சீனி எகிறியிருந்தது. டொக்டர் சுபாஜினி என் காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"எங்கை சப்பாத்து?"

"அலுமாரியிலை, டொக்டர்."

"அலுமாரியிலை வைக்கவோ வாங்கச் சொன்னனான்?"

"எங்கடை அலுமாரியிலை இல்லை, டொக்டர். சனசமூக நிலையத்தின்ரை அலுமாரியிலை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆவணியில் சீவரத்தினம் வந்து இறங்கினார். திறப்பு விழா நாள் குறித்தாயிற்று. என்னைக் கூப்பிட்டு, "நீர்தான் முதலாவது பயனாளி. பிரதம விருந்தினர் மெசினைப் போட, நீர் ஏறி நடக்கோணும், படம் எடுப்பினம்," என்றார் சேர். எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. விழா அன்றைக்காவது சப்பாத்து என் காலுக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். உதயகலா முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் சேலை மாற்றிக்கொண்டு கூட வந்தாள்.

சப்பாத்து வந்தது. தாம்பாளத்தில், பட்டுத்துணி போர்த்து, நாதஸ்வரம் முன்னே போக, இரண்டு சுமங்கலிகள் ஏந்தி வந்தார்கள். மேடையில் மங்கள விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அங்கே புதிதாக ஒரு பலகை தொங்கியது: 'பாதணிகளைக் கழற்றிவிட்டு உட்செல்லவும்.' உள்ளே பிள்ளையார் படத்துக்குப் பூசை முடிந்து கற்பூர மணம் வந்துகொண்டிருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன.

"சேர்," என்றேன், "எனக்கு வெறுங்காலோடை நிக்கக்கூடாது. டொக்டர் சொன்னவ."

"டொக்டர்மார் சொல்லுவினம். முந்தி ஒரு மந்திரி வந்தபோதே கழற்றிப்போட்டுத்தான் உள்ளுக்கு வந்தவர். நீர் மந்திரியிலும் பெரியவரோ?"

"சொக்ஸாவது போடட்டோ?" என்று உதயகலா பின்னாலிருந்து கேட்டாள்.

சேர் யோசித்தார். "சொக்ஸும் சப்பாத்தின்ரை ஒரு பகுதிதானே, பிள்ளை."

"அப்ப சப்பாத்து என்னத்துக்கு சேர்? சப்பாத்து இல்லாமல் உள்ளுக்கு வரேலாது எண்டுதானே சட்டம்?" என்றேன் நான்.

"ஓம். இல்லாமல் வரேலாது. போட்டுக்கொண்டும் வரேலாது. சப்பாத்து தகுதிக்கு, கேதீஸ். உம்மட்டை இருக்கோ எண்டு வாசல்லை பாப்பம். பிறகு கழற்றிப்போட்டு வாரும்."

நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தார். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். சேரும் அந்தப் பழைய பார்வையைப் பார்த்தார். நான் செருப்பைக் கழற்றினேன். உதயகலா என் கையைப் பிடித்தாள். நான் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

முதலாவது பயனாளிக்குக் கதிரை இல்லை. நடக்கிற மெசினுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மண்டபம் முழுவதும் வண்ணக் கடுதாசித் தோரணம். சுவரில் அதைக் குத்திக்கொண்டிருந்தவர்கள் விழா தொடங்கிவிட்டதென்று பாதியில் விட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, இன்னும் பல உரைகள். வெய்யில் யன்னலை விட்டு எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது.

பஞ்சலிங்கம் சேர் பேசினார். "இந்த மெசின்களைப் பாருங்கோ. இத்தனை மாசத்திலை ஒரு கீறல் இல்லை. வேறை ஊர்களிலை ஜிம் திறந்து ரெண்டு மாசத்திலை எல்லாம் பழுது. ஏன்? சனம் பாவிக்கிறது. எங்கடை நிருவாகம் அப்பிடி நடக்க விடேல்லை. இனியும் விடாது எண்டு பிரதம விருந்தினருக்கு வாக்குறுதி தாறன்."

சீவரத்தினம் பொன்னாடைக்கு மேலாக வயிறு தெரிய எழும்பினார். "கனடாவிலை எல்லாரும் ஜிம்முக்குப் போறவை. நானும் காசு கட்டி வைச்சிருக்கிறன். போக நேரம்தான் கிடைக்கேல்லை. எண்டாலும் மாசாமாசம் கட்டுறன். உடம்பிலை அக்கறை இருக்கோணும். இஞ்சை வாசல்லை நீங்கள் எல்லாரும் செருப்புக் கழற்றினதைக் கண்டு எனக்குக் கண் கலங்கிப்போச்சு. அங்கையும் நாங்கள் வீட்டு வாசல்லை கழற்றுற ஆக்கள்தான். எங்கடை பண்பாடு அழியேல்லை."

சனம் கைதட்டியது. பொலித்தீனை வெட்டினார்கள். அவர் பொத்தானை அமர்த்த, நான் ஏறி நடந்தேன். கமராக்கள் மின்னின. நான் சிரித்தேன். நடக்கவும் சுகமாகத்தான் இருந்தது, ஒரு நோவும் இல்லை. எதிரே நின்ற உதயகலாதான் முதலில் கண்டாள். என் காலுக்குக் கீழே ஓடிய கறுப்புப் பட்டியில் ஒரு சிவப்பு அடையாளம். அது பின்னால் போய் மறைந்து, திரும்பவும் முன்னால் வந்தது. வரும்போது பெரிதாகி வந்தது.

"இஞ்சருங்கோ! உங்கடை கால்!"

"மெசினை நிப்பாட்டுங்கோ!" என்று தியாகலிங்கம் அண்ணை பதறிக்கொண்டு ஓடி வந்தார். "பட்டி பழுதாப் போகப்போகுது!"

கதிரையில் இருத்தி, இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். சின்னவிரலின் அடியில், தோரணம் குத்துகிற தட்டைத்தலை ஊசி ஒன்று தலைவரைக்கும் இறங்கியிருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டார்கள். வரவேற்புரையிலா, ஆசியுரையிலா, எனக்கு எப்படித் தெரியும்? அத்தனை உரைகளுக்கும் நான் அதன்மேல்தான் நின்றிருக்கிறேன். உதயகலா அங்கேயே தரையில் குந்தி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் நன்றியுரை தொடங்கிவிட்டது.

காயம் ஆறவில்லை. மருந்து கட்டினோம், ஊசி போட்டோம். சின்னவிரல் முதலில் சிவந்து, பிறகு நீலமாகி, பிறகு கறுத்தது. புரட்டாதி முடிகிற நேரம் ஆசுப்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். டொக்டர் சுபாஜினி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வழமை போல ஏசவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நிருவாக சபையினர் வாட்டுக்கு வந்தார்கள். தோடம்பழமும் பொன்னாடையும் கொண்டு வந்தார்கள். படமெடுக்க ஆளும் வந்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் கலியாணப் பேச்சாக்கும் என்று எழும்பி உட்கார்ந்தார்.

"கேதீஸ், நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்," என்றார் பஞ்சலிங்கம் சேர். "எங்கடை உடற்பயிற்சிக் கூடத்தின்ரை வரலாற்றிலை நீர்தான் முதலாவது பயனாளி. அந்தப் பேரை இனி ஒருத்தராலும் எடுக்கேலாது. மெசின்களுக்குத் திருப்பிப் பொலித்தீன் சுத்தியாச்சு. பட்டியிலை பட்ட கறையும் கழுவுப்பட்டிட்டுது. உமக்கு மனவருத்தம் வேண்டாம்."

"சேர், சப்பாத்து?" என்றேன். "காயம் மாறினாப் பிறகு அதோடைதான் நடக்கோணுமாம்."

சேர் தியாகலிங்கம் அண்ணையைப் பார்த்தார். தியாகலிங்கம் அண்ணை கூரையைப் பார்த்தார்.

"அது இப்ப ஏலாது. பொதுக்கூட்டம் தையிலைதான்."

உதயகலா தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உரித்த பழத்தை என் கையில் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழும்பி நடந்தாள். அவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தி முடிக்க இன்னும் நேரமிருந்தது.

மிச்சத்தை நிலையத்து வாசிகசாலைப் பக்கம் பேப்பர் படிக்க வந்திருந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு மழை பெய்து ஒழுங்கை முழுக்கச் சேறு. உதயகலா பஸ்ஸால் இறங்கி, அந்தச் சேற்றுச் செருப்போடு, பலகையைத் தாண்டி, துடைத்து மினுக்கிய தரையில் தடம் பதித்து நேரே உள்ளே நடந்திருக்கிறாள். "பிள்ளை, செருப்பு! செருப்பு!" என்று ஒருவர் கத்தியிருக்கிறார். விழா முடிந்து சப்பாத்து திரும்ப ஏறிய அலுமாரி பூட்டியிருந்தது, பூட்டின் திறப்பு பொருளாளரிடம். அவள் சுற்றிப் பார்த்தாள். மூலையில் பொலித்தீன் சுற்றிய இரும்புப் பாரங்கள் அடுக்கிக் கிடந்தன. ஒன்றின் பொலித்தீனைக் கிழித்து, இரண்டு கையாலும் தூக்கிக் கண்ணாடியில் போட்டாள். அந்தக் கூடத்தில் ஒருவர் பாரம் தூக்கியது அதுதான் முதல் தடவை.

கிண்ணங்களையும் திருமுறையையும் தொடாமல், சப்பாத்தை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

நிருவாக சபை அவசரமாகக் கூடியது. உதயகலாவுக்குக் கண்டனம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். குற்றம், பாதணியோடு உட்பிரவேசித்தது. கண்ணாடி உடைந்ததை இரண்டாவதாகச் சேர்த்தார்கள். என் விரல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது நிலையத்தின் சொத்து அல்லவே. வாசற் பலகையை இன்னும் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். லண்டன் கிளை புது அலுமாரிக்குக் காசு அனுப்புகிறதாம், அதில் தங்கள் பெயர் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு.

நான் இப்போது நடக்கிறேன். கூட்டுறவுக் கடைக் களஞ்சியத்தில் அரைப்பை அரிசியைத் தூக்கி வைத்து எடுக்கிறேன். சீனி இறங்கியிருக்கிறது. காலையில் நான் வாசலில் உட்கார, உதயகலா சப்பாத்துக்குள் கையை விட்டு மூலை மூலையாகத் தடவிப் பார்த்துவிட்டுத் தருவாள். இடது சப்பாத்தின் ஓரத்துக்கு வரும்போது அவள் கை கொஞ்சம் நிற்கும். நல்ல சப்பாத்து. குதி அமுங்கவில்லை, பக்கம் பிடித்திருக்கிறது. டொக்டர் கடைசியாகச் சொன்னது போலவே, முன்னுக்கு விரல் விரிய இப்போது தாராளமாக இடம் இருக்கிறது.